சனிக்கிழமைத் தள்ளாட்டம்

இதில் நான் எழுதுவன மூன்று வகைப்பட்டவை: நானே கண்டவை, மருத்துவர்கள் என் முகத்துக்கு நேரே சொன்னவை, என் மைத்துனன் ரகு பின்னர் ஒப்புக்கொண்டவை. இம்மூன்றிலும் அடங்காத எதையும் எழுதப்போவதில்லை. இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மூன்று வார காலம் என்னைப் பற்றிய ஒரு செய்தி மயிலாப்பூரில் எங்கள் தெருவிலும், நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியிலும் உலவியது. சொன்னவர்களில் ஒருவரேனும் அதைச் சரிபார்க்கவில்லை. நான் குடிக்கிறேன் என்பதே அச்செய்தி. அதே மூன்று வாரங்களில் என் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரு நோய் தன் முதல் வரவைத் தெரிவித்துக்கொண்டிருந்தது. குடிகாரன் என்ற பெயரா, நோயாளி என்ற பெயரா, எது என்மேல் நிற்கும் என்பதே அப்போது என் முன் இருந்த வினா. அதே போன்ற நோய் முதன்முதலாக வந்து திகைத்து நிற்பவர் எவருக்கேனும் பயன்படலாம் என்று என் மருத்துவர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். எழுதும்போது கூசுகிறது. அதையும் சரிபார்த்த செய்தியாகவே கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது. எனக்கு வயது முப்பத்தெட்டு. முதலாண்டு மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நாக்கு தடித்துவிட்டதுபோல் உணர்ந்தேன். சொற்கள் மனத்தில் ஒழுங்காகவே இருந்தன. வாய்க்கு வரும்போது ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. முதலில் பின் வரிசையிலும், பிறகு முன் வரிசையிலும் சிரிப்பு எழுந்தது. பலகையில் நான் எழுதிய ஒரு வரி இரண்டாகத் தெரிந்தது. வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நடக்கையில் தரை இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உச்சரிப்பைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் தன் நாக்கு குழறுவதை எவரிடம் சொல்வான்? கண்ணாடியின் திறன் மாறியிருக்கும், பித்தம் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் பேச்சைக் குறைத்தேன். என் மனைவி சுகுணா ஏதேனும் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினேன். பேசாமலிருப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் குற்றமுள்ளவன் செய்கை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமைகளில் கல்லூரி இல்லை. அன்று நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் இட்டு, தாங்க முடிந்த அளவுக்குக் கொதிக்கும் வெந்நீரில் குளிப்பது என் நெடுநாள் வழக்கம். உண்டபின் வெயிலிலேயே நடந்து லஸ் முனைக்கு அருகிலுள்ள வாடகை நூலகத்துக்குப் போய் வருவேன். அந்த ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அப்படித் திரும்பி வரும்போது கால்கள் என் சொற்படி நடக்கவில்லை. ஒரு முறை கச்சேரிச் சாலையைக் கடக்கையில் நடுவில் நின்றுவிட்டேன். ஆட்டோ ஒன்று உராய்ந்தாற்போல் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சாமி, நெத்திலயும் பட்ட, தொண்டைலயும் பட்டயா? பகல்லயே ஏத்திக்கினு ரோட்ல டான்ஸு ஆடறியே! ஓரமா போ!"

திருநீற்றையும் சாராயத்தையும் ஒரே மூச்சில் கோத்த அந்த வாக்கியத்தை வேறொரு நாளாயிருந்தால் வகுப்பில் எடுத்துக்காட்டியிருப்பேன். அன்று மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். வந்த ஒலி அவர் சொன்னதை மெய்ப்பித்தது. எதிரே மருந்துக் கடை வாயிலில் எங்கள் தெருவில் வசிக்கும் இருவர் நின்றிருந்தனர். அவர்கள் என்னைப் பார்க்காததுபோல் மருந்துச் சீட்டைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் முதல் சுகுணா மாலைதோறும் நீர்மோரில் எலுமிச்சம்பழம் பிழிந்து பெரிய தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன்னா, இதை மொத்தமாக் குடிச்சுடுங்கோ. மிச்சம் வெக்கப்படாது."

மோரில் எவரும் எலுமிச்சை பிழிவதில்லை. புளிப்பின் மேல் புளிப்பு. ஏன் என்று கேட்டால் பேச வேண்டியிருக்குமே என்று குடித்துவிட்டு உள்ளே போனேன். போதையைத் தெளியவைக்க அது உதவும் என்று ரகு எங்கோ கேள்விப்பட்டுத் தன் அக்காளிடம் சொல்லியிருந்தான். இதை அவனே பின்னர் ஒப்புக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். என் குடும்பத்திலோ சுகுணாவின் குடும்பத்திலோ குடித்திருப்பவர் ஒருவரைக் கை எட்டும் தொலைவில் பார்த்தவர் எவருமில்லை. ரகுவுக்குத் தெரிந்த குடிகாரர்கள் எல்லாரும் திரையில் விளக்குக் கம்பத்தோடு பேசியவர்கள். அவர்கள் தள்ளாடுவார்கள், குழறுவார்கள். நானும் தள்ளாடினேன், குழறினேன். சனிக்கிழமை நண்பகல் வெளியே போய் வந்தபின் அது மிகுந்தது. விடுமுறை நாளில் எங்கோ போய்க் குடித்துவிட்டு வருகிறேன் என்று முடிவு செய்ய அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. நாற்றம் வரவில்லையே என்று சுகுணா ஒரு முறை ஐயம் எழுப்பினாளாம். நாற்றமில்லாத மது வகை ஒன்று உண்டு என்று ரகு வார இதழ் ஒன்றில் படித்திருந்தான். அந்த ஐயமும் தீர்ந்தது.

பிறகு ஒரு நாள் மாலை ரகு வந்தான். தியாகராய நகரில் ஒரு வங்கிக் கிளையில் பணி அவனுக்கு. நாற்காலியின் நுனியில் அமர்ந்து பேசினான்.

"அத்திம்பேர், உங்களுக்கு சக்கரை இருக்குமோன்னு தோணறது. அடையாறுல ஒரு டாக்டர் இருக்கா. நாளைக்கு நான் லீவு போட்டுடறேன். சும்மா ஒரு தடவை பாத்துண்டு வந்துடலாம்."

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அதுவும் சிதைந்தே வந்தது. ரகு தன் அக்காளைப் பார்த்தான். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் ரகு ஆட்டோவோடு வந்து அழைக்க, மறுக்க முடியாமல் போனேன். அடையாற்றில் மரங்கள் அடர்ந்த ஒரு குறுக்குத் தெரு. வாயிலில் மருத்துவர் பெயர் மட்டும் எழுதிய பழைய வீடு. ரகு உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தான். கூடத்தில் போட்டிருந்த விசிப்பலகையில் நானும், லுங்கியும் தோய்த்த சட்டையும் அணிந்த ஒருவரும் அமர்ந்திருந்தோம். சைதாப்பேட்டையில் லாரி ஓட்டுவதாக அவரே சொன்னார்.

"இன்னா சார், மொத தபாவா?"

"ஆம்."

"எத்தினி நாளா ஓடிக்கினு கீது?"

"மூன்று வாரங்களாக."

"மூணே வாரத்துல வந்துட்டியா! நான் பதினாலு வருசம் கயிச்சு வந்தேன். யாரு இட்டாந்தது?"

"என் மைத்துனன்."

"நல்ல மச்சான்பா. அவன வுட்டுறாத. கை நடுங்குதா?"

"சிறிது."

"அப்ப சரி. கரீக்டா தான் வந்துகீற."

சர்க்கரை நோய்க்குக் கை நடுங்குமா என்று கேட்டேன்.

அவர் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "சக்கரையா? இன்னா நைனா, உன்கிட்ட ஒண்ணும் சொல்லாமயே இட்டாந்துட்டானா? இது குடிய நிறுத்தற எடம்."

"நான் குடிப்பவன் அல்லன்."

"அதான் நைனா மொத நாளு எல்லாரும் சொல்றது. நானுந்தான் சொன்னேன். டாக்டரம்மா திட்டாது. உள்ள போயி உண்மையச் சொல்லிரு, போதும்."

சினத்தோடு எழுந்தேன். எழுந்த வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்து அவர் மடிமேலேயே விழுந்தேன். அவர் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். "பாத்தியா" என்றார், மிகுந்த அன்போடு.

அந்த நேரத்து வெட்கத்தை அளந்து சொல்ல என்னால் இயலாது. அதற்குமுன் குடிகாரர்களை நான் மனிதராக எண்ணியதில்லை. அவர்களுள் ஒருவர் என்னைத் தம்மில் ஒருவனாக ஏற்று, சட்டைக் கசங்கலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆயினும் தம் வேலையை விடவில்லை. விரலை என் கண்முன் இடமும் வலமும் நகர்த்தினார். மீண்டும் நகர்த்தினார். விளக்கைப் போட்டு மூன்றாம் முறையும் நகர்த்தினார். ஒரு குதிகாலை மறுகாலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டாம் அடியில் சுவர் என்னைத் தாங்கியது. மோவாய் மார்பில் படும்படி தலையைக் குனியச் சொன்னார். குனிந்தபோது கழுத்திலிருந்து முதுகின் வழியே இரு தொடை வரை மின்சாரம் பாய்ந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

ரகுவை உள்ளே அழைத்தார்.

"இவர் குடிக்கலை."

"டாக்டர், நாங்க வீட்டுல..."

"வீட்டுல என்ன பாத்தீங்களோ. குடிச்சிருந்தா ரெண்டு கண்ணும் சேந்து ஆடும். இவருக்கு வலது பக்கம் பாக்கச் சொன்னா இடது கண்ணு பின்தங்குது. அது மூளைத் தண்டுல இருக்கற சமாசாரம். நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும். தள்ளிப் போடாதீங்க. இப்ப பாத்தாதான் ஆரம்பத்துலயே பிடிக்க முடியும்."

ஆட்டோ அடையாற்றுப் பாலத்தை எட்டும் வரை ரகு சாலையையே பார்த்து வந்தான். பிறகு, "அத்திம்பேர், என்னைச் செருப்பால அடிங்கோ" என்றான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் படி ஏறும்போதே அவன் கூவினான். "அக்கா! அத்திம்பேர் குடிக்கலையாம்! டாக்டரே சொல்லிட்டா!"

சுகுணா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து அடுப்பை ஏற்றிச் சேமியாப் பாயசம் வைக்கத் தொடங்கினாள். பாதியில் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"அப்போ என்னவாம்?"

அதுவரை அதை நாங்கள் மூவரும் கேட்கவில்லை. பாயசம் உண்டோம். நன்றாகவே இருந்தது. குடிகாரன் அல்லன் என்று தீர்ந்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சி, மூளைத் தண்டு என்ற சொல்லை அன்றிரவு வரை மறைத்து வைத்திருந்தது.

நரம்பியல் மருத்துவர் மெல்லப் பேசும் முதியவர். அவரைப் பார்க்க நகரின் நடுவிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் முற்பகல் முழுதும் காத்திருந்தோம். எங்களுக்கு எதிரே சக்கர நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஆளில்லாதவற்றைப் பார்ப்பதே எனக்குக் கடினமாயிருந்தது. உள்ளே போனபின் அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை.

"எப்ப அதிகமா இருக்கு?"

"சொல்லத் தெரியவில்லை, ஐயா."

"சனிக்கிழமை" என்றாள் சுகுணா.

"சனிக்கிழமை மட்டுமா?"

"மத்த நாள்லயும் இருக்கு டாக்டர். சனிக்கிழமை மத்யானம்தான் ரொம்ப ஜாஸ்தி. தவறாமப் பாத்துண்டு வரேன்."

"இவ்வளவு சரியா எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் தலை குனிந்தாள். ரகு சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தை ஆராய்ந்தான். மருத்துவர் மேலே வற்புறுத்தவில்லை.

"சனிக்கிழமை என்ன பண்ணுவார்?"

"எண்ணெய் தேச்சுண்டு குளிப்பார். சாப்ட்டுட்டு லைப்ரரிக்கு நடந்து போவார். திரும்பி வரச்சே ஆடிண்டுதான் வருவார்."

"வெந்நீரா?"

"கொதிக்கக் கொதிக்க. ஆவி பறக்கணும். இல்லேன்னா எண்ணெய் போகாதும்பார்."

மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "வெந்நீர். அப்புறம் உச்சி வெயில். சரிதான்." பிறகு விளக்கினார். நரம்பு மின்கம்பி போன்றது. கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்பின்மேலும் ஓர் உறை உண்டு. சிலருக்கு உடலின் காவற்படையே, பகை என்று தவறாக எண்ணி, அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. உறை இழந்த இடத்தில் செய்தி தடுமாறிப் போகும். உடம்பு சூடானால் இன்னும் தடுமாறும். குளிர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். "ஸ்கேன் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி வெந்நீர்த் தொட்டியில உக்கார வெச்சுத்தான் இதைச் சோதிப்பாங்க. நீங்க வீட்டுலயே வாராவாரம் அந்தச் சோதனையைப் பண்ணியிருக்கீங்க."

என்னை ஐயுற்று அவள் சேர்த்து வைத்த சனிக்கிழமைகள் இவ்வாறு என் நோய்க்குச் சான்றாயின. அவள் அறையை விட்டு வெளியே வந்தபின்னும் நிமிரவில்லை. அவளுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் வெட்கத்திலேயே நான் மூழ்கியிருந்தேன்.

அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தைக் கொண்டு உடலின் உள்ளே படம் எடுக்கும் முறை. குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுக்கவேண்டும். சுற்றிலும் தகரக் கூரையில் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை விட்டுவிட்டு வரும். வலி இல்லை. பூணூலில் கோத்திருந்த சிறு சாவியைக் கழற்றச் சொன்னதைத் தவிர வேறு தொல்லையும் இல்லை. மறுநாள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார வைத்து, இடம் மாறிக்கொண்டே இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொன்னார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் நேரத்தை அது அளக்கும். இடக்கண்ணின் செய்தி தாமதமாகச் சென்றது. அந்தக் கண்ணில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது சோதனையே கடினம். முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுத்தால், இடுப்பெலும்புக்கு மேலே முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைச் சிறிது எடுப்பார்கள். ஊசியை விட அதன் பின்னால் வந்த தலைவலி கொடியது. தலையைத் தூக்கவே கூடாது என்றார்கள். அப்படிப் படுத்திருந்த பிற்பகலில்தான் அது நிகழ்ந்தது. இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். சிறுநீர் வருகிறது என்று உணர்ந்ததற்கும் அது வந்துவிட்டதற்கும் இடையே செவிலியை அழைக்கும் நேரம்கூட இருக்கவில்லை. இந்நோயில் அப்படி நேர்வதுண்டு, உறை இழந்த நரம்பு அங்கேயும் செய்தியைத் தவறவிடும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். அப்போது அது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலுக்கு விருந்தினர் வந்திருந்தனர். ஒரு குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டது. சுகுணா தன் கைக்குடையை விரித்துக் கட்டிலின் அந்தப் பக்கத்தில் மறைப்பாகச் சாய்த்து வைத்தாள். போர்வைக்கு அடியிலேயே வேட்டியை உருவி, ஈரத்துணியால் துடைத்து, வேறொன்றைச் சுற்றிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முடிந்தபின் குடையை மடக்கிக்கொண்டு, "மழை நின்னுடுத்து" என்றாள். வெளியே மழையே பெய்யவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். தலை வெடித்துவிடும்போல் வலித்தது.

பிறகு கையின் இரத்தக் குழாய் வழியே ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது உடலின் காவற்படையை அடக்கும். மருந்து ஏறும்போது வாயில் பித்தளைச் சுவை. முகம் சிவந்து சூடேறும். தூக்கம் போய்விடும். பசி மட்டும் பெரிதாக வரும். காலை முறைக்கு வரும் செவிலி நாள்தோறும், "சார், வாழைப்பழம் சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். முதல் இரண்டு நாள் நான் சொன்னது எந்த மொழியிலும் சேராது. பிறகு ஒரு காலை அது முழுமையாக வந்தது. வார்டில் நான்கு கட்டில்காரரும் கைதட்டினார்கள். மறுநாள் அவர்களுள் ஒருவரின் மனைவி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமே வாங்கி வந்தார். செலவைப் பற்றி ரகு என்னோடு பேசவே மறுத்தான். ரசீதுகளைத் தன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "இது எனக்கு அபராதம் அத்திம்பேர், நீங்க பாக்கப்படாது" என்றான்.

சோதனை முடிவுகளை மருத்துவர் என் கட்டிலின் அருகே அமர்ந்து சொன்னார். மூளைப் படத்தில் சில வெண்புள்ளிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று என் நாக்கையும் நடையையும் கண்ணையும் குலைத்தது. மற்றவை எந்தத் துன்பமும் தராமல் இருந்தன. முதுகு நீரில், காவற்படை அங்கே வேலை செய்ததற்கு அடையாளமான கோடுகள் தெரிந்தன. தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆக இருக்க வாய்ப்பு மிகுதி.

"ஆனா இப்ப அந்தப் பேரை நிச்சயமா எழுத முடியாது சார். தனித்தனியா ரெண்டு தடவை வந்திருக்கணும். அதுதான் விதி. உங்களுக்கு இது முதல் தடவை. இதுக்கு முன்னாடி ஏதாவது வந்து தானா சரியாப்போச்சா? கண்ணு மங்கறது, கால் மரத்துப் போறது?"

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வலப்பாதம் சில நாள் மரத்திருந்ததாக ஒரு நினைவு. சம்மணமிட்டு நெடுநேரம் விடைத்தாள் திருத்தியதால் என்று அப்போது எண்ணினேன். எத்தனை நாள்? வலப்பாதமா, இடப்பாதமா? சுகுணாவைப் பார்த்தேன். அவளுக்கு அப்படி எதுவும் நினைவில்லை.

"உறுதியாகச் சொல்ல இயலவில்லை, ஐயா" என்றேன்.

"அப்ப 'இருக்கலாம்'னுதான் எழுதுவேன். சீக்கிரமே வந்தது நல்லது. திரும்பத் திரும்ப வர்றதைக் குறைக்க வெளிநாட்டுல ஒரு ஊசி வந்திருக்கு. இங்க வரவழைக்கறது கஷ்டம். ரெண்டாவது தடவை வந்தா அதை யோசிப்போம். சிலருக்கு வரவே வராது. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் பச்சைத் தண்ணி."

வீடு திரும்பிய வாரத்தில் நடை ஏறத்தாழச் சீரடைந்தது. கல்லூரிக்குப் போகவேண்டும். விடுப்புக்கு என்ன காரணம் சொல்வது?

"காமாலைன்னு சொல்லிடுங்கோ அத்திம்பேர்" என்றான் ரகு.

"மண்டு, மண்டு. காமாலைன்னா ஈரல் கெட்டுப்போச்சுன்னு நினைப்பா. ஈரல் ஏன் கெட்டுதுன்னு கேப்பா" என்றாள் சுகுணா.

"அப்போ டைபாய்டு."

"நரம்பில் ஒரு நோய் என்று உள்ளதைச் சொன்னால் என்ன?" என்றேன்.

ரகு நெளிந்தான். "நரம்புன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ. நரம்புத் தளர்ச்சின்னு செவுத்துல எல்லாம் விளம்பரம் போட்டிருக்கானே, லாட்ஜுல வந்து வைத்தியம் பாக்கறவன், அதைத்தான் நினைச்சுப்பா."

சொற்களே என் வாழ்வு. அன்று என் கண்ணியத்தோடு ஒத்துப்போகும் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. ஆயினும் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். முதல்வர் என்னைவிடப் பத்தாண்டு மூத்தவர், நல்லவர். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னேன். என் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புறை அரிக்கப்பட்டிருக்கிறது, அதன் பெயர் இன்னும் உறுதியாகவில்லை, அதனால்தான் தள்ளாடினேன், நான் குடிப்பவன் அல்லன், மாடி வகுப்புக்குப் பதில் கீழ்த்தள வகுப்பு வேண்டும்.

"உக்காருங்க சார், மொதல்ல உக்காருங்க" என்றார் அவர். "நீங்க குடிக்கறீங்கன்னு யார் சொன்னா? எங்க யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே இல்லையே. கீழ் வகுப்புதானே, தாராளமா எடுத்துக்கோங்க."

நன்றி சொன்னேன். எழுந்தேன். அவர் வாயில் வரை என் தோளில் கைபோட்டு நடந்து வந்தார். கதவைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க சித்தப்பாவுக்கும் இருந்தது சார். நரம்பையே பாதிச்சிடும். எதுவா இருந்தா என்ன, விட்டுட்டீங்க பாருங்க. அதுதான் பெரிய விஷயம்."

விளக்க வாய் திறந்தேன். வெளியே மாணவர்கள் நின்றிருந்தார்கள். வணங்கிவிட்டு வகுப்புக்குப் போனேன். குரல் தடையின்றி வந்தது.

இதை எழுதும்போது ஓராண்டு நிறையவில்லை. இன்னும் தெரியாதவை இவை. என் நோய்க்கு மருத்துவர் கருதும் பெயர்தான் உரியதா என்பது தெரியாது. பழைய நாளில் மரத்தது எந்தப் பாதம், அது இந்நோயின் முதல் வரவா என்பது தெரியாது. இரண்டாம் முறை வருமா, வந்தால் எதை எடுத்துச் செல்லும் என்பது தெரியாது. முதல்வர் என் சொல்லை நம்பினாரா என்பது தெரியாது. அந்த மூன்று வாரங்களில் சுகுணா என்னைக் குடிகாரன் என்று முழுவதும் நம்பிவிட்டாளா, ஒரு மூலையில் நம்பாமலும் இருந்தாளா என்பது தெரியாது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். நான் இதுவரை கேட்கவில்லை.